தண்ணிக்கு ரெண்டு கிலோ

கண்டிக்கு வருகிறவர்கள் கையில் வரைபடம் இருக்கும்:
மாளிகை, ஏரி, மணிக்கூண்டு,
வெள்ளைக்காரன் கல்லறை, குன்றின் மேல் வெள்ளைப் புத்தர்.

எனக்கு
மணிக்கூண்டு என்றால் ஆறரை பஸ் வந்து நிற்கிற இடம்.
மாளிகை என்றால் பை சோதிக்கிற பொலிஸ்காரி.
சோற்றுப் பெட்டியைத் திறந்து
இன்றைக்கும் கீரைதானா என்று சிங்களத்தில் கேட்பாள்.
ஏரி என்றால் மத்தியானம்.
மீனுக்கு நாலு பருக்கை, மிச்சம் எனக்கு.

மியூசியம் ஏரிக்கு மேலே, எண்பத்தேழு படி.
ராசா படுத்ததென்று சொல்லி ஒரு கட்டில் இருக்கிறது.
அரியணை கொழும்பில்.
அது எங்கே எங்கே என்று
என்னிடம்தான் கேட்பார்கள்,
நான் ஒளித்து வைத்த மாதிரி.

கட்டிலுக்கு ஈரத்துணி ஆகாது.
வாளுக்கு எண்ணெய்த் துணி.
தந்தத்துக்கு வெறும் தூரிகை,
கண்ணாடிக்கு ஞாயிற்றுக்கிழமை பேப்பர்.
பத்து மாதத்தில் படித்துக்கொண்டது இவ்வளவு.
அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம்
கொழுந்து.

செவ்வாய்க்கிழமை லொறியில் வந்து இறங்கியது தராசு.
மூன்று கால், நடுவில் கொக்கி,
வட்ட முகம், ஒரு முள்.
பச்சைப் பெயின்ட். பக்கத்தில் ஒரு நசுங்கல்.
அந்த நசுங்கலை எனக்குத் தெரியும்.
பெண்சாதிக்கு அரைப்பேர் விழுந்த அன்று
அருணகிரி கவ்வாத்துக் கத்தியின் பிடியால் போட்டது.
ரெண்டு கிழமை வேலை கொடுக்கவில்லை அவருக்கு.
பெண்சாதிக்கும்தான்.

மூன்று மொழியில் பலகை எழுதி வந்திருந்தது.
தமிழில்: கொழுந்து நிறுக்கும் தரசு.
மூன்று காலும் பத்திரமாய் வந்து சேர்ந்திருக்கிறது,
எழுத்தில்தான் ஒரு கால் குறைவு.
நிலந்தி மேடத்திடம் காட்டினேன், போட்டுக்கொடுத்தேன்.
வேலை செய்யுதா பாருங்கள், அதையும் எழுத வேண்டும் என்றாள்.

கையில் இருந்ததைத் தொங்கவிட்டேன்.
தரை துடைக்கிற வாளி,
பத்து லீட்டர், விளிம்பு வரைக்கும்.
முள் ஆடியது,
ஆடி ஆடி
எட்டில் நின்றது.

மழையில் நனைந்த கொழுந்துக்குத்
தண்ணிக்கு ரெண்டு கிலோ என்று கழிப்பார் கணக்கப்பிள்ளை.
காய்கிற வெயிலிலும் கழிப்பார்.
அது வாயால் கழித்தது.
இது வாயே திறக்கவில்லை.

டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு நிறுவைக்கு ரெண்டு. நாளுக்கு மூன்று நிறுவை.
மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வை.
வருஷம் ஆயிரத்து எண்ணூறு.
பத்தொன்பதால் பெருக்கு.
முப்பத்து நாலாயிரத்து இருநூறு கிலோ.
எல்லா நாளும் இதே தராசென்று சத்தியம் பண்ண மாட்டேன்.
பிள்ளைப்பேற்றுக்கு நின்ற நாளைக் கழிக்கவில்லை.
இருந்தாலும்
அவ்வளவு கொழுந்தையும் மணிக்கூண்டின் பக்கத்தில் கொட்டினால்
எது உயரம்?
பஸ் வரும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரைபடக்காரன் ஒருத்தன் என் பக்கத்தில் நின்று
அவனும் அண்ணாந்து ஒரு படம் எடுத்தான்.

பழுதடைந்தது என்று எழுதத்தான் போனாள் மேடம்.
பழுது இல்லை மேடம்,
இது இப்படித்தான் வேலை செஞ்சிச்சு என்றேன்.
வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
பேனாவை மூடினாள்.
பலகையில் அந்த வரி இன்னும் காலி.

வெள்ளிக்கிழமை மாத்தளையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம்.
தொடாதே என்று சொல்கிற சம்பளமும்
எனக்குத்தான் தருகிறார்கள்.
வரிசையில் கடைசிப் பையன், சப்பாத்தில் ஒன்றுக்கு நாடா இல்லை,
கொக்கியை எக்கிப் பிடித்துத் தொங்கினான்.
கட்டில் பக்கம் திரும்பி நின்றேன்.

இருபத்தியெட்டுத்தான், என்றான் வாடிப்போய்.

ரெண்டு கூட்டிக்கடா, என்றேன்.