மற்றவை

கானியோஹேயில் நகரத் திட்டக் கிளை அலுவலகம்,
மூன்றாம் மாடி. ஏசிக்குப் பயந்து எல்லோரும் ஸ்வெட்டரில்.
வெள்ளநீர்ப் படிவத்தில் பதினோராம் கட்டம்:
வண்டல் தடுக்கும் அமைப்பு எவ்வகை?
கீழிறங்கும் பட்டியலில்
கான்கிரீட் தொட்டி உண்டு, கல்வலை உண்டு,
நீர் உறிஞ்சும் நடைபாதைகூட உண்டு.
சேம்பு வயல் இல்லை.

சேறு காயாத பூட்ஸோடு
கலேஹுவா என் மேசைக்கு வந்தாள்.
அவளும் பொறியாளர்தான்,
மண்ணியலில் என்னைவிட ஒரு பட்டம் அதிகம்.
என் வரைபடத்தின் சிவப்புக் கோடு
பட்டா எல்லையில் நின்றிருந்தது.
பேனாவைப் பிடுங்கி
மலையில் மேகம் உட்காரும் இடத்திலிருந்து
பவளப் பாறை வரை ஒரே இழுப்பு.
"இது மொத்தமும் ஒரு ஊர்.
மேலே மரம் வெட்டினால் கீழே மீன் இருமும்."

தண்ணீருக்கு அவள் மொழியில் 'வை'.
என் மொழியில் அது ஏவல் என்றேன்:
இறக்கி வை, சேர்த்து வை,
நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வை.
சிரித்தாள்.
"இரண்டு முறை சொல். வைவை. செல்வம்."

'மற்றவை' என்பதைச் சொடுக்கினேன்.
விளக்கம் எழுத இருநூறு எழுத்து இடம்.
பல நூறு வருடத்தை அதில் அடைத்தேன்:
வரப்பு, மடை, வயலுக்கு வயல் இறங்கும் ஓடை,
முடிவில் கல்சுவர் கட்டிய கடற்குளம்,
அதன் கிராதி மதகில்
குஞ்சு நுழையும், கொழுத்தது திரும்பா
கடைசி எழுத்தைப் பெட்டி ஏற்கவில்லை.

மார்ச்சில் மூன்று நாள் மழை.
முதல் இரவிலேயே என் தொட்டி வழிந்தது.
பாதி, சாலை வடிகாலில் காப்பி நிறத்தில்
வளைகுடாவுக்கு.
பாதி, வயல்களுக்குள்.
சேற்றில் புதைந்த உணர்கருவி
பூஜ்யம் பூஜ்யம் என்று
விடியும்வரை அனுப்பிக்கொண்டிருந்தது.
மேல் வரப்பு இரண்டு உடைந்தன,
நாலு மாதச் சேம்பு குப்புறக் கிடந்தது.
ஆனால் கடைசி மடையில் மொண்ட புட்டிக்குப் பின்னால்
என் விரல் ரேகை தெரிந்தது.

கலேஹுவா புட்டியைப் பார்க்கவே இல்லை.
"உன் தொட்டி அந்த மரங்களைப் பிடிக்காவிட்டால்
இன்னும் நாலு வரப்பு போயிருக்கும்" என்றாள்.
பிறகு, "குழாயை மட்டும் ரெண்டடி தள்ளிப் போடு."

சனிக்கிழமை வரப்பு கட்டப் போனோம்.
நீரளவை நைனோவா, நான்,
கணக்குப் பிரிவு ஓக்கடா.
கைக்குக் கை கல் நகர்ந்தது.
நீட்டும்போதெல்லாம் என்னை அறியாமல்
வை, வை என்றிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் ஓக்கடா
கல்லோடு நின்று
தண்ணீர் எங்கே என்று
திரும்பிப் பார்த்தார்.