இரட்டிப்பு நீக்கம்

முசஃபாவில் எங்கள் அலுவலகச் சுவரில்
ஆளுயரத் திரை ஒன்று மாட்டியிருக்கிறது.
அதில் ஒரேயொரு எண் போதும் என்கிறார் இயக்குநர்:
நம்மிடம் மொத்தம் எத்தனை பேர்?

மனிதவளத் துறை ஒரு கணக்குச் சொல்லும்,
வாயிற்கதவு ஒரு கணக்கு.
விசாப் பிரிவு சொல்வதை விசாப் பிரிவே நம்பாது.
மெஸ்ஸில் தட்டு கழுவும் லியாகத்
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது
எல்லாவற்றிலும் குறைவு.
அதுதான் சரியாயிருக்கும் என்று தோன்றியது.
ஆனால் அவர் தட்டுகளை எதனோடும் இணைத்திருக்கவில்லை.

மூன்று கம்பெனிகளை விழுங்கிய கம்பெனி, பதினோரு மென்பொருள்கள்.
எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றுமுன்
ஆளுக்கொரு வரி என்று ஆக்கித் தருவது என் வேலை.
அந்த ஒற்றை வரிக்குத் தங்கப் பதிவு என்று பெயர்.
தங்கம் என்று வைத்தால்
இந்த ஊரில் நிதி ஒதுக்கிவிடுகிறார்கள்.

தமிழில் ஒரேவிதமாகத்தான் எழுதுவோம்: சவரிமுத்து.
ஆங்கிலத்தில் அவர் ஏழு பேர்.
ஏ ஒன்றா இரண்டா, வியா டபிள்யூவா, ஹெச் உண்டா இல்லையா.
பெரியநாயகம் அரபிக்குப் போனால் அங்கே ப இல்லை,
இருப்பது இன்னொரு ப.
நமக்கு இரண்டும் ஒரே எழுத்துதானே என்றேன் குல்வாடியிடம்.
அவர் மங்களூர்க்காரர், சிரிக்கவில்லை.
குடும்பப்பெயர்க் கட்டம் காலியாய் இருக்கக் கூடாதென்பதால்
இனிஷியல் நீண்டு அப்பாவாகி,
அப்பா முன்னால் வந்து
மகனுடைய சம்பளத்தை வாங்குகிறார்.

இரவில் பொருத்தம் பார்க்கும் நிரல்.
பத்துப் பொருத்தமெல்லாம் இல்லை, நான்குதான்:
பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, கைரேகை.
நாற்பத்தோராயிரம் வரிகள்
விடிவதற்குள் இருபத்தொன்பதாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
குல்வாடி கேக் வாங்கி வந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு யார்டு கதவில் சிவப்பு.
பூச்சுவேலைக்காரர் ஒருவர், ஹெல்மெட் கக்கத்தில்.
அவர் ருவைஸில் இருப்பதாகச் சொல்கிறது கதவு.
இங்கே நிற்பதாகச் சொல்கிறார் அவர்,
மூன்றாம் முறையாக அட்டையைக் காட்டி.

கீழே இறங்கிப் போனேன்.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
ஒரு வரியை நேரில் பார்த்தேன்.
சவரிமுத்து, தகப்பன் பெரியநாயகம்.
ருவைஸில் இருப்பவர் பெரியநாயகம், தகப்பன் சவரிமுத்து.
யாரோ திருப்பிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தது நிரல்.
அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.
இருவரும் பிறந்தது ஜூன் ஒன்று,
ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி.
கைரேகைக் கட்டம் காலி.
விரலைக் காட்டச் சொன்னேன்:
சிமெண்ட் தின்று வழவழத்த கட்டைவிரல்,
ஒரு கோடும் இல்லை.

"அந்த ஆளு எனக்கு
அப்பன் முறையா, மகன் முறையா மேடம்?"

சேர்க்க ஒரு சொடுக்கு.
பிரிக்க இரண்டு பேர் ஒப்புதல், காரணம், இணைப்பு ஆவணம்.
காரணத்தில் தமிழில் அடித்தேன், இவர் வேறு ஆள்.
திரை அதை வெற்றுப் பெட்டிகளாகக் காட்டியது.
ஆங்கிலத்தில் மறுபடி.

பத்தரைக்குக் கதவு பச்சை.
சுவரில் நூற்றுப் பத்தொன்பது.
ஆளே எடுக்காமல் ஒன்று எப்படிக் கூடிற்று என்றார் இயக்குநர்.
தரவின் தரம் கூடியிருக்கிறது என்றார் குல்வாடி.

அவருக்கு அரைநாள் சம்பளம் பிடித்தம்.
கோரிக்கை போட்டிருக்கிறேன்,
நிலை: பரிசீலனையில்.
எந்தத் திரையிலும் அது வராது.

ஏழு மணிக்கு எல்லோரும் போனபின்
சேர்த்த பட்டியலை எடுத்தேன், பதினோராயிரத்துச் சொச்சம்,
கதவு வரைக்கும் வந்து கேட்காதவர்கள்.
முதல் பெயர் அகஸ்டின்.
ஒருவர்,
அல்லது இரண்டு பேர்.