எந்த எழுத்தாகவும் ஒரு புள்ளி

பாயான் லெப்பாஸில் மூன்றாவது மாடி.
குளிரூட்டி என் கழுத்துக்கு மட்டும் வேலை செய்கிறது.
இரவு பதினொன்று இருபதுக்கு
கறுப்புத் திரையில் ஒரு பெயரைத் தட்டுகிறேன்:
வைரக்கண்ணு.
ஆங்கில எழுத்தில்தான். வி-யில் தொடங்கி.

ஒன்பது கிளை, பதினான்கு மாதம்,
நூற்று இருபத்தாறு சம்பளக் கோப்புகள்.
கிரெப் அத்தனையும் வரிவரியாகப் படித்துவிட்டு
ஒன்றும் பேசாமல் வந்து நிற்கிறது.
இல்லை என்றுகூடச் சொல்லாது.
கடைக்காரர் என்றால் கையையாவது விரிப்பார்.
மினுக்கும் கர்சர் மட்டும்
அப்புறம், அப்புறம் என்கிறது.

பகலில் அவர் வந்து நின்றார்.
நீலச் சீருடை. நாலாக மடித்த சேமநிதி அறிக்கை.
பதினான்கு மாதம் பணம் ஏறவில்லை.
"கூட்டினேன் தம்பி.
அந்தப் பதினாலு மாசமும்
இதே மாடியத்தான் கூட்டினேன்."
திரு. கோர் கணினியை ஒருதரம் பார்த்துவிட்டு
ரெக்கோர்டில் இல்லை என்றார்.
இல்லை, சரி.
எந்தப் பெயரில் இல்லை?

பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்று
ஒரு ஐ சேர்க்கிறேன்.
தமிழுக்கு இந்தத் தொல்லையே கிடையாது,
நம் எழுத்தில் எதுவும் எதற்கும் எழுந்து நிற்பதில்லை.
மறுபடி மௌனம்.

தகப்பன் பெயரால் தேடினால்
நானூற்று ஆறு வரி.
எத்தனை முத்தையன்கள் இந்தத் தீவில்!
ஏ, சாய்கோடு, பி:
அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு சாய்கோடு.
கோப்புறைக்கும் கோப்புறைக்கும் நடுவேயும் அதேதான்.

மைலோவில் ஐஸ் கரைந்து தண்ணீராகிவிட்டது.
கண்ணாடிக்கு வெளியே இரண்டாம் பாலத்து விளக்குகள்
கடலுக்குள் எங்கோ நின்றுவிடுவதுபோலத் தெரிகின்றன.

பிறகுதான் புள்ளி.
தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போய்விடும்,
க வெறும் க் ஆகிவிடும்.
இங்கே புள்ளி எந்த எழுத்தாகவும் வரும்,
யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு
கிளம்பிவிடுகிற ஆள்மாதிரி.
வி இருந்த இடத்தில் ஒரு புள்ளி.
கண்ணில் என் ஒன்றோ இரண்டோ.
கடைசியில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

எண்டர்.

விழுகின்றன வரிகள்.
டபிள்யூவில் தொடங்கும் வைரக்கண்ணு, பதினோரு மாதம்.
ஜூனில் புதுக் கிராணி வந்திருக்க வேண்டும்,
காதில் விழுந்ததைப் போட்டிருக்கிறார்.
வால் நீண்ட வைரக்கண்ணூ, இரண்டு மாதம்.
வைரக்கனோ, ஒரு மாதம்,
ஜப்பான்காரிமாதிரி.
எண்ணிச் சொல்ல அதற்கே தெரியும்.
ஆனாலும் திரையில் விரல் வைத்து
நானே எண்ணினேன். பதினான்கு.
மூன்று பெண்கள், மூன்று கணக்கு,
ஒரே துடைப்பம்.

பதினைந்தாவதாகவும் ஒரு வரி.
வைரக்கண்ணன், பட்டர்வொர்த் கிளை, பாதுகாவலர்.
ஒரே மாதம் வேலை பார்த்திருக்கிறான்.
அடையாள அட்டை எண் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு காற்புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.
இவனை நான் தேடவில்லை.
யாருமே தேடி வரவில்லை.

காலை ஆறே முக்கால்.
கீழே ஷிப்ட் பஸ்கள் உறுமுகின்றன.
லிப்ட் திறந்து முதலில் வாளி வருகிறது, பின்னால் அவர்.
"அக்கா, உங்க பேர இங்கிலீஷுல எப்படி எழுதுவீங்க?"
"அது கேக்கறவங்களப் பொறுத்து தம்பி.
ஏன், கிடைச்சிட்டேனா?"

தலையாட்டினேன்.
ஈரத் தரையில் நடக்காதே என்று சொல்லிவிட்டு
வாளியை உருட்டிக்கொண்டு போனார்.

சட்டைப்பையில் இன்னொரு பெயர் இருக்கிறது.
பட்டர்வொர்த்தில் எட்டரைக்கு முன்னால்
யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.