நூற்றுக்கு நாற்பது பைசா

கலாசிப்பாளையம் மார்க்கெட்டில் இரவு இரண்டு மணிக்கு
எடைமேடை மேல் லாரி ஏறும்,
ரசீது கிழியும்:
நூறு ரூபாய்ச் சரக்குக்கு
நாற்பது பைசா ஆராய்ச்சித் தீர்வை.
ஹெப்பாளத்தில் என் மேசைக்கு வரும்போது
அது ஒரே வரி.
மண் இருக்காது, வைக்கோல் இருக்காது.

நான் கணக்குப் பிரிவு.
இலைச்சுருட்டை நோயை எனக்குத் தெரியாது,
அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியும்.
ஒரு கெட்ட பழக்கம்,
எந்த பில்லையும் தக்காளிப் பெட்டியாக மாற்றிப் பார்ப்பேன்.
நுண்ணோக்கிக்கு ஒரு பல்பு: ஆயிரத்து ஐந்நூறு பெட்டி.
இயக்குநர் அறை முந்திரி பிஸ்கட்: நானூற்றைம்பது.
இதை வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து
பிஸ்கட் நிற்கவில்லை,
எனக்கு வருவதுதான் நின்றது.

கோலார்ப் பக்கம் செடியெல்லாம் சுருண்டு
கிலோ நூற்றிருபதைத் தொட்ட வருடம்
தீர்வை கொட்டியது.
செத்த வயல்களின் புண்ணியத்தில்
மைனஸ் எண்பது குளிர்பெட்டி வாங்கினோம்.
டாக்டர் ஜலஜாக்ஷி அதற்குள் கைவிட்டு
ஏழு வருடம் தேடி
சுருளாத ஒரு செடியைக் கொண்டுவந்தார்.
காய்த்தது.
எல்லா ஊரிலும் காய்த்தது.
கிலோ இரண்டு ரூபாய்.

அந்த வாரம் சிந்தாமணியிலிருந்து
கெம்பராஜு என்று ஒருவர் வந்தார்,
சட்டைப்பையில் ரசீது.
நூற்றெண்பது பெட்டி, ஐயாயிரத்து நானூறு ரூபாய்,
லாரி வாடகை ஆறாயிரம்,
தீர்வை இருபத்தொரு ரூபாய் அறுபது காசு.
திருப்பிக் கேட்க வந்தார் என்று நினைத்து
விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன்.
'எதற்குக் கொடுத்தேன் என்று
பார்த்துவிட்டுப் போகிறேன்' என்றார்.

டாக்டர் லீவில் இருந்தார்.
என்னால் காட்ட முடிந்தது குளிர்பெட்டி ஒன்றுதான்.
கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
உள்ளே என்ன?
உங்கள் ஊர் நோய்தான்,
சாகாமல் வைத்திருக்கிறோம்.
அதற்கும் நான்தான் கட்டுகிறேனா?
ஆமாம் என்றேன்.
சிரித்தார் என்றே நினைக்கிறேன்,
மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.
போகும்போது
கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே
வராந்தா முழுக்க நடந்து போனார்.

இன்று ஆறாம் தேதி.
குளிர்பெட்டியின் கரண்ட் பில்
எட்டாயிரத்து நானூறு.
முன்பு கிலோ இருபது விற்றபோது ஏழாயிரம் பெட்டி.
இப்போது எழுபதாயிரம்.
கோப்பை மேலே அனுப்பிவிட்டேன்.
குறிப்பு எழுதும் இடத்தில்
எதுவும் எழுதவில்லை.