மூணே கால் அடி

திருவாரூர் மெடிக்கல் காலேஜ், மூணாவது மாடி,
ஜன்னலோரக் கட்டில்.
மூக்குக் குழாயை மறுபடியும் பிடுங்கிவிட்டார் என்று
ரெண்டு கையையும் காஸ் துணியால்
கம்பியோடு கட்டியிருக்கிறார்கள்.
கட்டுக்குள்ளேயே மணிக்கட்டு சுற்றுகிறது,
வலமாக, நிறுத்தி, வலமாக.
ஃபிட்ஸா என்று கேட்டது டாக்டர் பொண்ணு.
இல்லம்மா. அது ஷட்டர்.
முப்பத்தொரு வருஷம் வெண்ணாற்றுத் தலைப்பில் லஸ்கர்.
திருகுக் கம்பி பிடித்துக் காய்த்த மேடு
உள்ளங்கையில் அப்படியே நிற்கிறது,
மற்ற சதையெல்லாம் வடிந்த பிறகும்.

அட்மிஷன் சீட்டில் பெயர் கேட்டபோது
நான் வாயைத் திறக்கவில்லை.
ஆதார் கார்டை நீட்டினேன்.
சிரித்துக்கொண்டே எழுதினார் ஜெபராணி சிஸ்டர்.

அவர் என் பெயரை விட்டு நாலு வருஷம்.
முதலில் நான் அவருடைய அக்கா,
அப்புறம் பால்காரி,
போன ஆடியிலிருந்து ஓவர்சியர் சார்.
"சார், கேஜ் மூணே கால் அடி."
சரிய்யா என்பேன். தூங்கிவிடுவார்.
இந்த மாசம் அதுவும் இல்லை,
உதடு மட்டும் அசையும்.

மஸ்கட்டிலிருந்து பையன்:
"எதையும் விடாதம்மா. வயித்துல ஓட்டை போட்டு
குழாய் வைப்பாங்களாம், பணம் அனுப்புறேன்."
அழுகிறானா, அங்கே காற்றா, தெரியவில்லை.

டாக்டர் பொண்ணு என் பக்கத்தில் தரையில் குந்தியது.
"எந்தக் குழாய் வச்சாலும் புரையேறும்மா.
பசி அவருக்கு இப்போ தெரியறதில்ல.
உங்க இஷ்டம்."
என் இஷ்டம்.
கல்யாணத்துக்குக்கூட யாரும் கேட்கவில்லை அதை.

வலிக்குமா?
"மருந்து இருக்கு. வாயை நனைச்சுக்கிட்டே இருப்போம்."
கையை அவிழ்ப்பீங்களா?
"அவிழ்ப்போம்."
கையெழுத்துப் போட்டேன்.
பையன் திட்டுவான். திட்டட்டும்.

குழாயை உருவித் துணியை அவிழ்த்தார் சிஸ்டர்.
மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு.
கை காற்றில் எழுந்தது,
வலமாக, நிறுத்தி,
கண் என் பக்கம் வந்தது, உத்தரவுக்கு.
பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள்.
குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டேன்:

"கடைமடை வரைக்கும் பாய்ஞ்சாச்சு, கதிரும் முத்திடுச்சு.
ஷட்டரை இறக்கு, மருதையா."

கை நின்றது.
பிறகு இடமாக, மெதுவாக.

பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.