ஆவிக் கணக்கு

ஆறு மணிக்குள் போய்விட வேண்டும்.
பிறகு தகரம் சுடும்.

குரியாத்துக்கு மேலே
மலை பிளந்த இடத்தில் அணை.
அதன் தோளில் வேலி போட்ட பத்தடி நிலம்,
உள்ளே ஒரு வட்டத் தொட்டி,
முழங்கால் உயரம் இல்லை.
நேற்று ஊற்றிய நீரில்
வெயில் எவ்வளவு குடித்ததென்று
கொக்கிமுனையை நீர்த்தோலில் உரசவிட்டுப் படிப்பேன்.

அணைக்குள் கிடப்பதும் இதே நீர், இதே வெயில்.
தொட்டியில் குறைந்ததைப் பத்தில் ஏழாக்கி
ஏரிப் பரப்பால் பெருக்கினால்
பேரீச்சைக்குப் போனதைவிட
வானத்துக்குப் போனது அதிகம்.
முதல் வருஷம் அந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு
சோறு இறங்கவில்லை.
மதகு திறக்கும் மாசிலாமணி சொன்னான்:
"அவன் குடிக்கிறதை யார் தடுக்க?
எழுதிட்டுப் படு."

பிப்ரவரியில் கணக்கு இடறியது.
ஆறு காட்டவேண்டிய காலையில் ஏழரை மில்லிமீட்டர்.
தட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை.
வேலிக்கடியில் புதிதாய்ப் பறித்த பள்ளம்,
கம்பியில் செம்பட்டை மயிர்.

மறுநாள் இருட்டோடு போனேன்.
தொட்டி விளிம்பில் முன்னங்கால் ஊன்றி
ஒரு நரி.
வயிற்றில் முலைகள் தொங்கின.
என்னைப் பார்த்தது,
குடித்து முடித்துவிட்டுத்தான் போனது.

கீழே ஏரி இருக்கிறதே என்பீர்கள்.
நீர் வற்றிப் பின்வாங்கிய இடமெல்லாம்
இடுப்பளவு சேறு.

வலை போடு என்கிறது விதி.
இல்லையேல் குறிப்பில் எழுது என்கிறது.
ஆவியானது ஏழரை என்று எழுதினேன்.
மார்ச் முழுக்க
நரியின் தாகம் சூரியன் பேரில் ஏறியது.

மஸ்கட்டிலிருந்து கேட்டார்கள்:
பக்கத்து நிலையங்களில் இல்லாத வெயில்
உங்களுக்கு மட்டும் எங்கிருந்து?

பொறியாளர் பத்ரியா வந்தார்.
தொட்டியைச் சுற்றினார், பள்ளத்தருகே நின்றார்.
மயிரை விரலில் எடுத்து
ஊதிவிட்டார்.
"வலை கேட்டீர்களா?"
"கேட்டேன், வரவில்லை" என்றேன்.
கேட்டதே இல்லை.
என் பேரேட்டை வாங்கி
குறிப்புப் பத்தியில் அரபியில் ஒரே சொல் எழுதினார்.
ரீஹ். காற்று.
எனக்கு வாசிக்கத் தெரிந்த
நாற்பது சொற்களில் அது ஒன்று.

வண்டி ஏறும்போது மட்டும்,
"மே மாதம் வலை அனுப்புகிறேன்" என்றார்.
ஏன் மே என்று நான் கேட்கவில்லை.

வந்தது. கம்பி முறுக்கி மூடினேன்.
பள்ளத்தில் மணல் தானே சரிந்திருந்தது.

இன்று பதினாறு. நேற்றுப் பதினாறரை.
சுத்தமான கணக்கு.
எல்லாம் வெயில் ஒருவனே குடித்தது.
இதை ஏனென்று
யாரும் கேட்பதில்லை.