குளிர் குறைந்த இரவு

முத்தோரை பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷின் நின்ற பிறகு
லாரிக் கணக்கை முடித்துவிட்டால்
ஒரு மணி நேரம் எனக்கு.
விரல் நுனி வெட்டிய கையுறையோடு
போனில் புரோகிராம் படிக்கிறேன்.

ஏழாவது கணக்கு:
ஒரு பட்டியலில் பெரிய எண்ணைக் கண்டுபிடி.
இவ்வளவுதானே என்று எழுதினேன்.
ஒரு பெட்டி, அதில் முதலில் சைபர்.
ஒவ்வொரு எண்ணாக வரட்டும்,
பெட்டியில் இருப்பதைவிடப் பெரிதென்றால்
அது உள்ளே, இது வெளியே.
ஐந்து சோதனையில் நாலு பச்சை.
ஒன்று மட்டும் சிவப்பு.

விடையைத் திறந்து பார்த்தேன்.
என்னுடையதேதான்,
ஒரே ஒரு வரியைத் தவிர:
சைபர் இருந்த இடத்தில்
பட்டியலின் பெயர், பக்கத்தில் சதுர அடைப்புக்குள்
மறுபடியும் ஒரு சைபர்.
சைபரை எடுத்துவிட்டுச் சைபர் வைத்தால்
எப்படிச் சரியாகும்?

காப்பி அடித்தேன். ஐந்தும் பச்சை.
அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.
தப்பாகப் போட்டது உறுத்தவில்லை,
சரியாகிவிட்டதுதான் உறுத்தியது.

மறுநாள், குன்னூர் மெடிக்கல் ஷாப்பில் இருக்கும்
ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன்.
என்னைவிட நாலு கணக்கு முன்னால் போனவள்.
"அதுவா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.
"அடைப்புக்குள்ள இருக்கிற சைபர் எண் இல்லடி, இடம்.
வரிசையில முதல்ல நிக்கிற ஆளு."
"சரி, அந்த ஆளை எதுக்கு உள்ளே விடணும்?
என் சைபர் என்ன பாவம் பண்ணுச்சு?"

லைனில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.
சில்லறை எண்ணும் சத்தம்.
பிறகு குரலை இறக்கி,
"எனக்கும் தெரியாது. அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன்."

எவ்வளவு நிம்மதி எனக்கு.

"ஏதாவது நாலு எண் சொல்லு,
கையால போட்டுப் பார்ப்போம்."
மேஜையில் கிடந்தது பனி நோட்டு.
வேலிக்கம்பத்தில் கட்டிய தெர்மாமீட்டரை
விடியலில் பார்த்து நான் எழுதுவது.
மைனஸ் மூணு. மைனஸ் ஒண்ணு.
மைனஸ் நாலு, அன்றைக்குத்தான்
மேல் வயல் உருளைக்கிழங்குச் செடியெல்லாம்
வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி கறுத்தது.
மைனஸ் ரெண்டு.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் என் சைபரை வைத்தாள்.
மைனஸ் மூணு வந்தது. சிறுசு, போ.
மைனஸ் ஒண்ணு, நீயும் போ.
நாலும் போய்விட்டன.
சைபர் அசையாமல் உட்கார்ந்திருந்தது.
"குளிர் குறைஞ்ச ராத்திரி எதுன்னு கேட்டா
சைபர்ங்குது உன் புரோகிராம்."
"அப்படி ஒரு ராத்திரி வரவே இல்லையே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வராத ஒரு ராத்திரியை
வந்தவற்றுக்கு முன்னால்
நானே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.
"முதல் ஆளு நிஜமா வந்த ஆளு" என்றாள் மெதுவாக.
அப்புறம், கடையில் ஆள் நிற்பதை மறந்து,
"மைனஸ் ஒண்ணு!" என்று கத்தினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.
யாருமே வராவிட்டால் என்று கேட்டேன்.
நோட்டில் பொங்கல் வாரம் காலி:
பிள்ளைக்குக் காய்ச்சல், ஊட்டி ஆஸ்பத்திரியில் இருந்தேன்.
ஆளே இல்லாத வரிசையில்
முதல் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்?
ஓட்டிப் பார்த்தேன்.
திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.
"நாளைக்கு" என்றாள், ஷட்டர் இழுக்கும் சத்தத்தோடு.

வெளியே குழாய்த் தண்ணீர் இறுகத் தொடங்கியிருந்தது.
தெர்மாமீட்டரைப் போய்ப் பார்க்க
இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது.